டிவிடி, ப்ளூரே, சிடி எல்லாத்தையும் ஹோம் சர்வருக்கு மாத்தப் போறீங்களா? எதுக்கு எது சரிவரும்னு ஒரு ஒப்பீடு

அலமாரி நிறைய டிஸ்க் வச்சிருக்கறவங்க சர்வர் பக்கம், அதாவது படத்தையெல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல வச்சு வீட்ல எந்தத் திரையிலயும் பாக்கற ஏற்பாட்டுப் பக்கம் திரும்பும்போது முதல்ல கேக்கறது, அதுல ஓட்டற சாஃப்ட்வேர் ப்ளெக்ஸா ஜெல்லிஃபினான்னுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிடுவேன். ஏன்னா சாஃப்ட்வேரை எப்ப வேணா மாத்திக்கலாம், இதைத் தூக்கிட்டு அதைப் போட்டு ஃபோல்டரைக் காட்டிவிட்டா ஒரே ராத்திரியில லைப்ரரி முழுக்க மறுபடி ரெடியாயிடும். பெட்டியையும் மாத்திக்கலாம், ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினா முடிஞ்சுது. லேசுல மாத்த முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், டிஸ்க்ல இருந்து எந்த வடிவத்துல எடுத்து வச்சீங்கங்கறது. அதை மாத்தணும்னா அத்தனை டிஸ்க்கையும் திரும்ப ஒவ்வொண்ணா டிரைவ்ல போட்டு எடுக்கணும், அந்த வேலையை ரெண்டாவது தடவை செய்யற பொறுமை யாருக்கு இருக்கு சொல்லுங்க. அதனால இங்க பாதிக்கு மேல அந்த வடிவத்தைப் பத்தித்தான் பேசப் போறேன்.

அதுக்கு முன்னாடி, சர்வரே வேணுமான்னு ஒரு தடவை யோசிச்சுக்கலாம். உங்ககிட்ட நல்ல பிளேயர் இருக்கு, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு படம்தான் பாக்கறீங்க, டிஸ்க்கும் ஐம்பதுக்குள்ளதான்னா பேசாம அப்படியே விட்டுடுங்க, தப்பே இல்ல. ஒரே கவலை பிளேயர் போச்சுன்னா என்ன பண்றதுங்கறதுதான். புதுசா பிளேயர் செய்யற கம்பெனிங்க குறைஞ்சுகிட்டே வருது. சாம்சங் 2019லயே அமெரிக்க மார்க்கெட்டுக்குப் புது ப்ளூரே பிளேயர் கொண்டு வர்றதை நிறுத்திடுச்சு, சோனி 2025 பிப்ரவரியோட எழுதற வகை ப்ளூரே டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திடுச்சு. நாளைக்கே எல்லாம் அஸ்தமிச்சுடும்னு அர்த்தம் இல்ல, ஆனா இன்னும் பத்து வருஷம் கழிச்சு ஒரு டிரைவ் தேடி அலையறதுக்கு இப்பவே எடுத்து வச்சுடறது மேல்.

ஸ்ட்ரீமிங்ல தான் எல்லாம் கிடைக்குதே, இதுக்கு ஏன் இவ்ளோ பாடுன்னு கேக்கறவங்களும் உண்டு. கிடைக்கும், அடுத்த மாசம் காணாம போகும், திரும்ப வேற ஆப்ல முளைக்கும். காசு குடுத்து "வாங்கின" டிஜிட்டல் படம்கூட உண்மையில ஒரு லைசென்ஸ்தான். தரத்துலயும் வித்தியாசம் இருக்கு. 4கே ஸ்ட்ரீமிங் பொதுவா நொடிக்கு 15ல இருந்து 25 மெகாபிட் சுமாருக்கு வரும், 4கே டிஸ்க்ல வடிவமே 100க்கு மேல போக இடம் குடுக்குது. சின்ன டிவில, தூரத்துல உக்காந்து பாத்தா தெரியாது. இருட்டு சீன்ல புகை போறதையோ, ஃபிலிம்ல எடுத்த பழைய படத்தோட பொடிப்பொடி துகளை, அதாவது கிரெய்னையோ பாத்தீங்கன்னா தெரியும்.

சர்வர் இல்லாம, ஃபைலை மட்டும் எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு டிவி பின்னாடி செருகிடற வழியும் இருக்கு. ஒரே டிவி, ஒரே ஆளு பாக்கறதுன்னா இது நல்லாவே ஓடும், செலவும் கம்மி. ரெண்டு இடத்துல கவனம் வேணும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32ல ஃபார்மேட் ஆகியிருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை அதுல போடவே முடியாது, ஒரு சாதா டிவிடி படமே அதைத் தாண்டிடும், அதனால எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ உங்க டிவி எதைப் படிக்குதுன்னு பாத்துட்டு மாத்திக்கணும். இன்னொண்ணு, நிறைய டிவிங்களுக்கு டிடிஎஸ்ங்கற ஆடியோ வகை வராது, படம் ஓடும், சத்தம் இருக்காது. ரெண்டு டிவி, ஒரு போன், ஒரு டேப்லெட்னு வீட்ல ஆளாளுக்கு ஒண்ணுல பாக்கறாங்க, நிறுத்தின இடத்துல இருந்து வேற ரூம்ல தொடரணும்னா அப்பதான் சர்வர் உண்மையாவே தேவைப்படுது.

சரி, வடிவத்துக்கு வருவோம். மூணு வழி இருக்கு. டிஸ்க்கை அப்படியே ஐஎஸ்ஓ இமேஜா எடுக்கறது, படத்தை மட்டும் தரம் குறையாம எம்கேவி ஃபைலா எடுக்கறது, இல்லன்னா அந்த எம்கேவியை மறுபடி சுருக்கி சின்ன ஃபைலாக்கறது.

ஐஎஸ்ஓவுல மெனு, எக்ஸ்ட்ரா, டிரெய்லர், கம்பெனி லோகோ, ஏன் தாண்டிப் போக முடியாத அந்த எச்சரிக்கைப் பலகை உட்பட எல்லாம் அப்படியே இருக்கும். கேக்கறதுக்கு இதுதான் முழுமைன்னு தோணும். ஆனா ஓட்டறதுதான் பாடு. ப்ளெக்ஸ் ஐஎஸ்ஓவை எடுத்துக்கவே எடுத்துக்காது, ஜெல்லிஃபின் ஓரளவு ஓட்டும் ஆனா மெனு வராது. மெனுவோட ஒழுங்கா ஓடணும்னா கோடிதான், அது சர்வர் இல்ல, டிவியோட சேந்த பெட்டியில ஓடற பிளேயர். மெனு டிசைனுக்காகவே டிஸ்க் சேக்கறவங்க இருக்காங்க, சில பழைய டிவிடி மெனுவெல்லாம் அவ்ளோ மெனக்கெட்டு செஞ்சிருப்பாங்க, அந்த மாதிரி பத்து இருபது டிஸ்க்குக்கு ஐஎஸ்ஓ எடுத்து ஒரு ஓரமா வச்சுக்கோங்க. மொத்த கலெக்ஷனுக்கும் இதைப் பண்ணினீங்கன்னா அப்புறம் எல்லாத்துல இருந்தும் எம்கேவி எடுக்கற வேலை தனியா நிக்கும்.

எம்கேவி வழிக்கு எல்லாரும் சொல்றது மேக்எம்கேவிங்கற சாஃப்ட்வேர்தான், நானும் அதைத்தான் சொல்வேன். டிஸ்க்ல இருக்கற வீடியோவை, ஆடியோவை, சப்டைட்டிலை எதையும் மறுபடி என்கோட் பண்ணாம, அதாவது சுருக்கி எழுதாம, அப்படியே தூக்கி எம்கேவி டப்பாவுல அடைச்சுக் குடுக்கும். தரம் டிஸ்க்ல என்னவோ அதேதான், ஒரு பிட் குறையாது. சாப்டர் பிரிவும் வந்துடும். டிவிடிக்கு இலவசம், ப்ளூரேவுக்கு பீட்டாவுல (சோதனைப் பதிப்புல) இருக்கற வரைக்கும் அவங்களே அப்பப்ப விடற தற்காலிக கீயைப் போட்டுக்கலாம், நிறைய டிஸ்க் எடுக்கப் போறீங்கன்னா லைசென்ஸ் வாங்கிடறது நியாயம்.

சைஸ்னு பாத்தா ஒரு டிவிடி படம் 4ல இருந்து 7 ஜிபி, ஏன்னா ரெண்டு லேயர் டிவிடியே 8.5 ஜிபிதான். ப்ளூரே படம் பெரும்பாலும் 20 - 35 ஜிபி, டிஸ்க்கோட உச்சம் 50. 4கே ப்ளூரேன்னா 50ல இருந்து 80 வரைக்கும்கூடப் போகும், டிஸ்க்கே 66, 100 ஜிபின்னு வருது. இதைக் கேட்ட உடனே ஜனங்க பயந்து மூணாவது வழிக்கு ஓடறாங்க, ஹேண்ட்பிரேக்ங்கற சாஃப்ட்வேர் போட்டு சுருக்கிடலாம்னு.

கணக்குப் போட்டுப் பாப்போம். 300 டிவிடி, 100 ப்ளூரேன்னு வைங்க. டிவிடிக்கு சராசரி 6 ஜிபி போட்டா 1.8 டிபி. ப்ளூரேவுக்கு 30 போட்டா 3 டிபி. மொத்தம் 4.8 டிபி, ஒரே ஒரு 8 டிபி ஹார்ட் டிஸ்க்ல அடங்கிப் போற விஷயம். விண்டோஸ்ல அது 7.2 சொச்சம்னுதான் காட்டும், ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க, கம்பெனிக்காரன் ஆயிரத்தால பெருக்கறான் விண்டோஸ் 1024ஆல பெருக்குது, அவ்ளோதான். இதையே சுருக்கினா டிவிடி ஒண்ணேகால் ஜிபி, ப்ளூரே 8 ஜிபின்னு வச்சா 1.2 டிபி கிட்ட வரும். ஆக நீங்க மிச்சம் பிடிக்கறது மூணரை டிபி. அதுக்காக 400 படத்தை ஒவ்வொண்ணா என்கோட் பண்ணணும், கம்ப்யூட்டர் வாரக்கணக்குல சூடா ஓடணும், ஒவ்வொண்ணுக்கும் செட்டிங் சரியான்னு பாக்கணும், கடைசில தரமும் குறையும். எனக்கு இது கட்டுப்படியாகாத வியாபாரம்.

டிவிடியை சுருக்கவே வேணாம்கறது என் கட்சி, அதுக்கு இடம் மட்டும் காரணம் இல்ல. நிறைய டிவிடில வீடியோ இன்டர்லேஸ்டா இருக்கும், அதாவது ஒரு ஃபிரேம்ல ஒத்தைப்படை வரி ஒரு கணம், இரட்டைப்படை வரி இன்னொரு கணம். ஓட்டும்போது டிவியோ பிளேயரோ அதைச் சேத்துக் குடுக்கும். என்கோட் பண்ணும்போது நீங்க ஃபில்டரைத் தப்பாப் போட்டுட்டா ஆள் கை ஆட்டற இடத்துல எல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா நிரந்தரமா பதிஞ்சுடும், அதுக்கப்புறம் எடுக்க வழியே இல்ல. 720க்கு 576ன்னு ஏற்கனவே கம்மியா இருக்கற படத்துல இன்னும் கொஞ்சத்தைச் சுரண்டி என்ன சேமிக்கப் போறோம். ஒரிஜினலை வச்சிருந்தா நாளைக்குப் படத்தைப் பெருசாக்கித் தெளிவாக்கற நல்ல அப்ஸ்கேலர் வரும்போது அதுக்குக் குடுக்கலாம்.

ப்ளூரேவை சுருக்கறதுல ஓரளவு நியாயம் இருக்கு. திரும்பத் திரும்ப பாக்காத படம், குழந்தைங்க பாக்கற கார்ட்டூன், டேப்லெட்ல போட்டு வழியில பாக்கற சீரியல், இதுக்கெல்லாம் 8 ஜிபி ஃபைல் தாராளம். ஹேண்ட்பிரேக்காரங்களே சொல்ற ஆர்எஃப்ங்கற தர எண் 1080பிக்கு 20ல இருந்து 24, டிவிடி தரத்துக்கு 18ல இருந்து 22, 4கேக்கு 22ல இருந்து 28. எண் குறைஞ்சா தரம் கூடும், ஃபைலும் பெருகும். சுருக்கற முறையில எச்.265 போட்டா பழைய எச்.264ஐ விட சின்னதா வரும் ஆனா என்கோட் ஆக நேரம் பிடிக்கும், பழைய சாதனங்க சிலது ஓட்டாது. ஒரு விஷயம் சொல்லிடறேன், கிரெய்ன் அதிகமா இருக்கற படத்தைப் பெருசா சுருக்க முடியாது, கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேம்லயும் மாறிகிட்டே இருக்கறதால அது எல்லாத்தையும் புது விவரம்னு நினைச்சு என்கோடர் பிட்டை வாரி இறைக்கும், ஒரிஜினல்ல பாதி சைஸ்ல வந்து நிக்கும். அந்த மாதிரி படத்தை அப்படியே விட்டுடறதுதான் புத்தி.

ஆடியோ சிடிக்கு இந்த விவாதமே கிடையாது, தரம் குறையாம சுருக்கற ஃபிளாக் வடிவம்தான். நொடிக்கு 1411 கிலோபிட் ஓடற சிடி ஆடியோ எதுவும் இழக்காம கிட்டத்தட்ட பாதி சுமாருக்கு வந்துடும், ஒரு ஆல்பம் 300 மெகாபைட் பக்கம். எம்பி3 வேணும்னா அதுல இருந்து எப்ப வேணா செஞ்சுக்கலாம். விண்டோஸ்ல எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்ல எக்ஸ்எல்டி, ரெண்டும் அக்யூரேட்ரிப்போட ஒத்துப் பாக்கும், அதாவது அதே சிடியை வேற ஆளுங்க எடுத்தப்ப என்ன செக்சம் (டேட்டாவை வச்சுப் போடற சரிபார்ப்பு எண்) வந்துச்சோ உங்களுக்கும் அதுதான் வந்துச்சான்னு சொல்லிடும். ஒத்துப்போச்சுன்னா காதால கேட்டு சரிபாக்க வேண்டிய வேலையே இல்ல. பல பேர் பாடின சினிமா ஆல்பத்துக்கு மட்டும் "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" டேக்ல ஒரே பேரைப் போடுங்க, இல்லன்னா ஒரு ஆல்பம் பாடகர் வாரியா ஆறு துண்டா சிதறிப் போய்டும்.

விசிடி வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல வீடியோ பகுதிக்கு டேட்டா சிடில இருக்கற மாதிரி முழு பிழைத்திருத்தம் கிடையாது, அந்த இடத்தையும் வீடியோவுக்கே குடுத்துட்டாங்க. அதனால சின்னக் கீறலுக்கே காப்பி பாதில நின்னுடும். 352க்கு 288 படம்தான், தரத்துக்காக யாரும் எடுக்கப் போறதில்ல, வேற எங்கயும் கிடைக்காத படம்னா மட்டும் மெனக்கெடுங்க.

இப்ப நேரம் எங்க போகுதுங்கற கதை. டிஸ்க்கைப் படிக்கற நேரம் பெரிய விஷயம் இல்ல, டிவிடிக்கு அரை மணிக்குள்ள, ப்ளூரேவுக்கு அரை மணில இருந்து ஒரு மணி, அது பாட்டுக்கு ஓடும் நீங்க உங்க வேலையப் பாக்கலாம். ஆள் கையால செய்யற வேலைலதான் நாள் போகும். சில ப்ளூரேவை மேக்எம்கேவில திறந்தீங்கன்னா ஒரு டைட்டில் இருக்க வேண்டிய இடத்துல நூத்துக்கணக்குல லிஸ்ட் வரும், எல்லாம் ஒரே நீளம், ரெண்டு மணி நேரம் சொச்சம், ஒரே சைஸ். காப்பி எடுக்கறவனைக் குழப்பணும்னே செய்யற வேலை. படத்தைத் துண்டு துண்டா வெட்டி, சரியான வரிசை ஒரே ஒரு பிளேலிஸ்ட்ல மட்டும் வச்சு மத்ததுல எல்லாம் வரிசையைக் கலைச்சு விட்டிருப்பாங்க. தப்பானதை எடுத்தீங்கன்னா நாப்பதாவது நிமிஷம் வரைக்கும் நல்லா ஓடிட்டு திடீர்னு கிளைமாக்ஸ்ல பாதி வரும், அப்புறம் இன்டர்வெல்லுக்கு முந்தின சீன் வரும். இதுக்கு வழி, அந்த டிஸ்க்கை ஒரு ஒழுங்கான பிளேயர் சாஃப்ட்வேர்ல போட்டு படத்தை ஓடவிட்டு எந்த எண் பிளேலிஸ்ட் ஓடுதுன்னு பாத்துட்டு வந்து அதே எண்ணை மேக்எம்கேவில தேர்ந்தெடுக்கறது. எல்லா டிஸ்க்கும் இப்படி இல்ல, கொஞ்சம்தான், ஆனா அந்தக் கொஞ்சம் பண்ற படுத்தல் இருக்கே.

சீரியல் டிவிடி இன்னொரு ரகம். ஒரு டிஸ்க்ல நாலு எபிசோட், கூடவே நாலையும் சேத்து ஓட்டற "பிளே ஆல்" டைட்டில் ஒண்ணு, அதையும் சேத்து எடுத்தா அதே விஷயம் ரெண்டு தடவை இடத்தை அடைக்கும். வெளிய வர்ற ஃபைலுக்கு டைட்டில் 00, 01ன்னுதான் பேர் இருக்கும், அதுலயும் எபிசோட் வரிசைப்படி வரும்னு உத்தரவாதம் இல்ல. டிவில ஒளிபரப்பான வரிசை ஒண்ணு, டிவிடில போட்ட வரிசை இன்னொண்ணுன்னு இருக்கற சீரியலும் உண்டு. ஒவ்வொரு ஃபைலையும் திறந்து தலைப்பு அட்டையைப் பாத்து பேர் மாத்தறதைத் தவிர வேற வழி இல்ல, அதை டிஸ்க் டிரைவ்ல இருக்கும்போதே செஞ்சுடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு பேர் இல்லாத அறுபது ஃபைலைக் குவிச்சு வச்சுட்டா அதுக்கப்புறம் அந்த ஃபோல்டர் பக்கமே போகத் தோணாது. படத்துக்கு ஃபோல்டர் பேர்ல படத்தோட பேரும் அடைப்புக்குள்ள வருஷமும் கண்டிப்பா இருக்கணும், ஒரே பேர்ல ரெண்டு படம் வந்திருந்தா சர்வர் தப்பான போஸ்டரை ஒட்டிடும்.

சப்டைட்டிலுக்கு நான் கொஞ்சம் கூடுதலா இடம் குடுக்கறேன், ஏன்னா எந்தப் பெட்டி வாங்கணும்ங்கறதை முடிவு பண்றதே இதுதான், பல பேர் கவனிக்கறதில்ல. டிவிடிலயும் ப்ளூரேலயும் சப்டைட்டில் எழுத்தா இருக்காது, படமா இருக்கும். டிவிடில வாப்சப், ப்ளூரேல பிஜிஎஸ். நிறைய டிவி ஆப்பும் பிரவுசரும் அந்தப் படத்தை வீடியோ மேல தானா ஒட்டத் தெரியாது. அப்ப சர்வர் என்ன பண்ணும்னா, முழு வீடியோவையும் பிரிச்சு, ஒவ்வொரு ஃபிரேம்லயும் சப்டைட்டிலை வரைஞ்சு, மறுபடி என்கோட் பண்ணி அனுப்பும். அதாவது சும்மா ஃபைலை நீட்டிகிட்டு இருந்த சர்வர் நீங்க சப்டைட்டில் பட்டனை அமுக்கின கணத்துல மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சப்டைட்டில் இல்லாம அருமையா ஓடின 4கே படம் அதைப் போட்டதும் திக்கித் திக்கி நிக்குதுன்னா காரணம் இதுதான், நெட்வொர்க்கைக் குத்தம் சொல்லிப் புண்ணியம் இல்ல. ரெண்டு வழி இருக்கு. சப்டைட்டில் எடிட் மாதிரி சாஃப்ட்வேர்ல ஓசிஆர் போட்டு, அதாவது படத்துல இருக்கற எழுத்தைப் படிக்க வச்சு, எஸ்ஆர்டிங்கற எழுத்து ஃபைலா மாத்தி ஃபைல் பக்கத்துல வச்சுடலாம், ஆங்கிலத்துக்கு நல்லாவே வரும், தமிழுக்குப் புள்ளியும் கொம்பும் இடம் மாறி நிக்கும், கையால திருத்த நேரம் ஒதுக்கணும். இல்லன்னா இப்படி ஓட்டும்போதே வீடியோவை மாத்தற, அதாவது டிரான்ஸ்கோட் பண்ற தெம்பு உள்ள பெட்டியாப் பாத்து வாங்கணும்.

பெட்டின்னதும் பழைய டெஸ்க்டாப் சும்மாதானே கிடக்குன்னு தோணும். ஆரம்பிச்சுப் பாக்க அதை விட நல்லது இல்ல. ஆனா 24 மணி நேரமும் போட்டு வைக்கறதுன்னா கரண்ட் கணக்கு வேற. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கற மெஷின் வருஷத்துக்கு 525 யூனிட், 10 வாட் இழுக்கற மினி பிசி 88 யூனிட். இன்டெல் என்100 மாதிரி சிப் போட்ட மினி பிசிதான் இன்னைக்கு இந்த வேலைக்கு என் முதல் தேர்வு, சிப் 6 வாட்டுக்கு செஞ்சது, அதுக்குள்ள இருக்கற குவிக் சிங்க்ங்கற வீடியோ பகுதி 10 பிட் எச்.265ஐயும் சேத்து ஹார்ட்வேர்லயே டிரான்ஸ்கோட் பண்ணிடும். புதுசு வேணாம்னா 7ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ உள்ள இன்டெல் பழைய ஆபீஸ் மெஷினும் ஓடும், ஹார்ட் டிஸ்க் மாட்ட உள்ளயே இடமும் இருக்கும்.

நாஸ், அதாவது நெட்வொர்க்ல மாட்டற ஹார்ட் டிஸ்க் பெட்டி வாங்கறதுல சௌகரியம் இருக்கு, நாலு ஹார்ட் டிஸ்க் அழகா உக்காரும், பிரவுசர்ல எல்லாம் முடிஞ்சுடும். ஆனா நீங்க குடுக்கற காசு ஸ்டோரேஜுக்கு, உள்ள இருக்கற ப்ராசஸர் அந்த விலைக்கு நோஞ்சானா இருக்கும். கம்பெனி குடுக்கற வீடியோ ஆப்பை நம்பி வாங்கறதும் வேணாம், நாஸ் செய்யற சினாலஜி 2024ல அதோட சிஸ்டம் சாஃப்ட்வேரான டிஎஸ்எம் 7.2.2 அப்டேட்டோட வீடியோ ஸ்டேஷன் ஆப்பையே எடுத்துட்டாங்க, அதுல லைப்ரரி வச்சிருந்தவங்க வேற சாஃப்ட்வேர் தேட வேண்டியதாப் போச்சு. ராஸ்பெர்ரி பை 5ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல வீடியோ என்கோட் பண்ற ஹார்ட்வேரே இல்ல, பாட்டு சர்வருக்கு அருமை, சப்டைட்டிலோட ப்ளூரேவுக்கு ஆகாது.

டிரைவ் விஷயத்துல டிவிடிக்கும் சிடிக்கும் எது இருந்தாலும் ஓடும். ஒரு எச்சரிக்கை, டிவிடி டிரைவ்ல எந்தப் பகுதி டிஸ்க்கை ஓட்டலாம்ங்கற ரீஜன் கோடை அஞ்சு தடவைதான் மாத்த முடியும், அதுக்கப்புறம் கடைசியா வச்ச ரீஜன்லயே பூட்டிக்கும், அதனால வேற ரீஜன் டிஸ்க் போட்டதும் விண்டோஸ் கேக்குதேன்னு அவசரத்துல ஓகே தட்டாதீங்க. 4கே டிஸ்க்குக்கு எல்லா ப்ளூரே டிரைவும் ஆகாது, மேக்எம்கேவியோட ஒத்துப்போற மாடல், அதுலயும் ஒத்துப்போற ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாங்கணும். இன்னொரு வேடிக்கை, 4கே டிஸ்க்கைப் புது கம்ப்யூட்டர்ல அதிகாரபூர்வமா ஓட்டவே முடியாது, அதுக்கு வேண்டிய எஸ்ஜிஎக்ஸ்ங்கற பாதுகாப்பு வசதியை இன்டெல் 11ஆம் தலைமுறையில இருந்து டெஸ்க்டாப், லேப்டாப் சிப்ல எடுத்துடுச்சு. காசு குடுத்து டிஸ்க் வாங்கினவன் முறைப்படி பாக்கப் போனா கதவு சாத்தியிருக்கு.

இப்ப ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின். சுருக்கமா சொல்லிடறேன். ப்ளெக்ஸ் பாக்க அழகு, கிட்டத்தட்ட எல்லா டிவிலயும் ஆப் இருக்கு, வீட்டுப் பெரியவங்ககிட்ட ரிமோட்டைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம். ஆனா அக்கவுன்ட் வேணும், ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடுக்கு ப்ளெக்ஸ் பாஸ் வேணும், 2025 ஏப்ரல்ல வாழ்நாள் பாஸ் விலையை இரண்டு மடங்குக்கு மேல ஏத்தி, வெளியூர்ல இருந்து நம்ம வீடியோவை நாமளே பாக்கறதையும் காசு கட்டற வசதியா மாத்திட்டாங்க. ஜெல்லிஃபின் 2018 டிசம்பர்ல பொறந்தது, எம்பிங்கற சர்வர் தன்னோட சோர்ஸ் கோடை மூடினப்ப அதுல இருந்து கிளை பிரிச்சு எடுத்தாங்க. முழுக்க இலவசம், ஹார்ட்வேர் டிரான்ஸ்கோட் உட்பட எதுக்கும் காசு இல்ல, நெட் இல்லன்னாலும் வீட்டுக்குள்ள லாகின் ஆகும். குறைன்னா டிவி ஆப்புங்க எல்லாம் ஒரே தரத்துல இருக்காது, வெளிய இருந்து பாக்கறதுக்கு டெயில்ஸ்கேல் மாதிரி பாதுகாப்பான தனி இணைப்பு ஒண்ணை நீங்களேதான் அமைச்சுக்கணும், போர்ட்டைத் திறந்து நேரா இன்டர்நெட்ல வைக்காதீங்க. எம்பியும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுலயும் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோட் காசுக்குத்தான்னு ஆனதும் அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியல. நான் ஜெல்லிஃபின் பக்கம். ரெண்டையும் ஒரே ஃபோல்டர் மேல ஒரே நேரத்துல ஓடவிட்டு ஒரு மாசம் பாத்துட்டுக்கூட முடிவெடுக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது.

எந்த டிஸ்க்கை முதல்ல எடுக்கணும்ங்கறதுக்கு என் பதில் பிடிச்ச படம் இல்ல. வீட்டுல எழுதின டிஸ்க்தான் முதல்ல. கடையில வாங்கற டிஸ்க்குல டேட்டா அச்சுல அழுத்தினது, வீட்டுல எழுதினதுல சாயத்துல பதிஞ்சது, அந்த சாயம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் மங்கிகிட்டே இருக்கும். கல்யாண வீடியோ, குழந்தையோட முதல் பிறந்தநாள், இறந்து போனவங்க குரல் இருக்கற சிடி, இதெல்லாம் எந்தக் கடையிலயும் திரும்பக் கிடைக்காது. படிக்க மறுத்தா கைவிட்டுடாதீங்க, மெத்துன்னு இருக்கற துணியால நடுவுல இருந்து விளிம்பு நோக்கி நேரா துடைங்க, வட்டமா தேய்க்காதீங்க, ஏன்னா வட்டக் கீறல் டேட்டா ஓடற திசையிலயே போறதால பிழைத்திருத்தத்தால ஈடு குடுக்க முடியாது. அதுக்கும் மசியலன்னா டிடிரெஸ்க்யூங்கற மீட்பு சாஃப்ட்வேர். அது எந்தெந்த இடம் படிச்சாச்சு எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வைக்கும், அதனால ஒரு டிரைவ்ல ஓட்டி நின்ன இடத்துல நிறுத்திட்டு டிஸ்க்கை வேற டிரைவ்ல போட்டு அதே மேப்போட தொடரலாம், ஒரு டிரைவோட லேசருக்குத் தெரியாத இடம் இன்னொண்ணுக்குத் தெரியும், ரெண்டும் சேந்து முழுசா எடுத்துடற வாய்ப்பு நிறையவே உண்டு. சிடில மட்டும் லேபிள் பக்கத்துக் கீறல்தான் ரொம்ப ஆபத்து, டேட்டா அடுக்கு அந்த மையிக்கு அடியிலயே இருக்கு, மார்க்கர் பேனாவால அழுத்தி எழுதறதுகூட வம்பு.

சட்டத்தைப் பத்தி ரெண்டு வரி. நாமே வாங்கின டிஸ்க்கை நமக்காக காப்பி எடுக்கறது சரியான்னு நாட்டுக்கு நாடு பதில் மாறுது. அமெரிக்காவுல 1998 டிஎம்சிஏங்கற பதிப்புரிமைச் சட்டப்படி டிஸ்க்ல இருக்கற காப்பி தடுப்புப் பூட்டை உடைக்கறதே தனிக் குற்றச்சாட்டு, பிரிட்டன்ல சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுக்கலாம்னு 2014ல கொண்டு வந்த விதிவிலக்கு மறுவருஷமே கோர்ட்டுல ரத்தாச்சு. உங்க ஊர் சட்டத்தைப் பாத்துக்கோங்க, எப்படியிருந்தாலும் எடுத்த காப்பியை ஊருக்கு விநியோகம் பண்றதும், காப்பியை வச்சுகிட்டு டிஸ்க்கை விக்கறதும் கூடாது.

அப்படி விக்காம வச்சுக்கற டிஸ்க்குதான் உங்களோட முதல் பேக்கப். ரெண்டு ஹார்ட் டிஸ்க்கை ரெய்டுல (ரெண்டுலயும் ஒரே டேட்டாவை எழுதற முறையில) போட்டுட்டா பேக்கப் ஆச்சுன்னு சொல்றாங்க, ஆகல, ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தும் அவ்ளோதான், தப்பா ஃபோல்டரை அழிச்சீங்கன்னா ரெண்டுலயும் ஒரே நேரத்துல அழியும். கடையில வாங்கின படங்களுக்கு டிஸ்க் இருக்கு, போனா மறுபடி எடுக்கலாம், உழைப்பு மட்டும்தான் நஷ்டம், அந்த உழைப்பு வலிக்கும்னா இன்னொரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி மாசம் ஒரு தடவை காப்பி எடுத்துட்டு கழட்டி வச்சுடுங்க. வீட்டுல எழுதின டிஸ்க்ல இருந்து எடுத்ததுக்கு மட்டும் இந்த தாராளம் கூடாது, அது மொத்தமே பத்து இருபது ஜிபிதான் வரும், ரெண்டு ஹார்ட் டிஸ்க்லயும் வச்சு மூணாவதா ஒரு காப்பி சொந்தக்காரங்க யார் வீட்லயாவது இருக்கட்டும்.